மூன்றாவது கட்டம்

சித்ரா என்றால் ஊரில் பெண் பெயர்.
பஹ்ரைனில்
எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் தீவு.
அங்கே எனக்குச் சம்பளப் பட்டியல் வேலை.

தலைமையகத்திலிருந்து சுவரொட்டி வந்தது.
இரண்டே ஆங்கிலச் சொல்.
தமிழில் போட்டு
வியாழனுக்குள் உணவுக்கூடத்தில் ஒட்ட வேண்டுமாம்.

இனநீதி என்று அடித்தேன்.
கிடங்குக்கார தர்மசீலன், முல்லைத்தீவு,
தாளை வாங்கிப் பார்த்தான்.
"இனம் எண்டால்
எனக்கு வேறொண்டுதான் கேக்கும் அண்ணை."
அதற்கு மேல் பேசாமல்
பெட்டிகளை எண்ணப் போய்விட்டான்.

நிறநீதி என்றால்
சாயப்பட்டறைக் கணக்குப் போல் இருக்கிறது.
கணக்கில் இனம் என்பது வெறும் வகை:
செலவினம், இதர இனம்.
அதுதான் கொஞ்சம் பொருந்தியது.
என் பட்டியலில்
மூன்றாவது கட்டம் கடவுச்சீட்டு,
ஏழாவது சம்பளம்.
மூன்றை நிரப்பினால் ஏழு தானே தெரிந்துவிடும்.

காரைக்குடியில் என்னோடு படித்த அதியமான்
லண்டன் கடவுச்சீட்டோடு வந்திறங்கினான்.
அதே கறுப்பு, அதே பட்டம்,
எழுநூறு தினார் கூடுதல்.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.
நீதி என்றால் என்னவென்று
அன்று எனக்கு மனப்பாடமாய்த் தெரிந்திருந்தது.

வாசல் காவலுக்கு உகாண்டாவின் ஒகெல்லோ.
பன்னிரண்டு மணி நேரம், நூற்றிருபது தினார்.
அந்த எண்ணை அடித்தது என் விரல்.
எங்கள் அறையில் அவனுக்கு நிறம்தான் பெயர்.
நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்,
அவனைவிட அரைப்படி வெளுத்தவன் போல.
தண்ணீர் கேட்டு வந்தால்
ஜன்னலோரம் தனி டம்ளர்.
யாரும் சட்டம் போட்டதில்லை.
கை தானாக அதை எடுக்கும்.
கடல் தாண்டினாலும்
கைக்கு ஊர் மறக்கவில்லை.

புதன் இரவு
ஏணியை அவன்தான் பிடித்துக்கொண்டான்.
என்ன எழுதியிருக்கிறது என்றான். சொன்னேன்.
"உங்கள் மொழியில் பழைய சொல்லா?"
"நேற்றுதான் செய்தேன்."
சிரித்தான்.
ஈரக்காற்றில் ஒரு மூலை எழும்பிக்கொண்டே இருந்தது.
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு
காவலுக்குப் போனான்.

அறைக்கு வந்து
ஜன்னலோர டம்ளரைக் கழுவி
மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தேன்.
பெரிய காரியம் செய்தவனாய்த் தூங்கினேன்.

காலையில் அறைத்தோழன் வேல்முருகன்
ஒவ்வொரு டம்ளராய்த் தூக்கி
வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்,
எது அது என்று.

அவனுக்குத் தெரியவில்லை.
விளிம்பில் சின்னச் சொட்டை,
எனக்குத் தெரிந்தது.

நான் வேறொன்றில்
காபி ஊற்றிக்கொண்டேன்.