மிளகு ஒரு செவிடு

கல்யாணம் ஏற்காட்டில், ஆவணியின் கடைசி முகூர்த்தம்.
மாப்பிள்ளைக்குச் சோழர் காலத்துப் பந்தி வேண்டுமாம்.
முன்பணம் கைமாறிய பிறகுதான் சொன்னார்கள்.

செவ்வாய்ப்பேட்டை குடோனில்
அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து
முதலில் அடித்துத் தள்ளினோம்:
மிளகாய், தக்காளி, உருளை, முந்திரி,
பரங்கி, கடலை எண்ணெய்.
ஜவ்வரிசிக்கு வந்ததும் என் பேனா நின்றது.
சேலத்துக்காரி பந்தியில் ஜவ்வரிசி இல்லாமலா?
மரவள்ளி நேற்று கப்பலேறி வந்ததுக்கா என்றாள்
தாட்சாயணி, கல்வெட்டு படிக்கிற பெண்.
அவளுக்கு நேற்று என்றால் முந்நூறு வருஷம்.
எனக்கு நேற்று என்றால் பாத்திர வாடகை பாக்கி.

மைப்படியை விரித்து விரல் வைத்துப் படித்தாள்.
அரிசி இருநாழி. பருப்பு உழக்கு.
நெய் ஆழாக்கு.
புளிங்கறிக்கு மிளகு ஒரு செவிடு.
அடைக்காய் எட்டு, வெற்றிலை முப்பத்திரண்டு.
விறகு இடுவானுக்கு நெல் குறுணி.
அத்தனையும் கணக்கன் எழுதியது.
கரண்டி பிடித்தவன் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

மிளகைத் தட்டினார்களா, அரைத்தார்களா?
புளி கொதிக்கும் முன்பா, பின்பா?
எத்தனை கேட்டாலும் செவிடு என்கிறதே இந்தக் கல் என்றேன்.
அது அளவுக்கா என்றாள்.

மூன்று விதமாகச் செய்து பார்த்தோம்.
மூன்றும் நன்றாக இருந்தது.
அதுதான் சிக்கல்.

ஆறாவது வரியில் கல் உடைந்திருக்கிறது.
'க்கறி அமுதுக்கு' என்பது மட்டும் மிச்சம்.
பொரிக்கறியோ, காய்க்கறியோ.
தெரியாததைத் தெரிந்த மாதிரி வைக்க வேண்டாம்,
இலையில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்றாள்.
காலி இலையைப் பார்த்தால்
சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள் என்று
கல்வெட்டில் இல்லை போலிருக்கிறது.
சரி என்றுவிட்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் அண்டாக்கள் ஒருமுறை கத்தின.
மேலே மழை. நனைந்த விறகு கண்ணைக் கரித்தது.
பெண்ணின் தாய்மாமா உட்கார்ந்ததும் அப்பளம் கேட்டார்,
எழுந்ததும் காப்பி கேட்டார்.
ஜன்னலுக்கு வெளியே சரிவு முழுக்கக் காப்பிச் செடி.
அதைப் பார்த்துக்கொண்டே இல்லை என்றேன்.

இரண்டாம் பந்தியில்தான் கவனித்தேன்.
காலி இடம் காலியாக இல்லை.
கறுப்பாக, நெய் மினுங்க, ஒரு பிடி.
மூன்றாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அர்த்தநாரி அடுப்படியில் குந்தியிருந்தான்.
"எல மொட்டையாக் கெடந்துச்சு, பாக்க நல்லாயில்ல.
வாழக்கா மிச்சமிருந்துச்சு."
அதற்குமேல் பேசவில்லை.

தாட்சாயணி விரலை நக்கி முடித்து
நோட்டை நீட்டினாள்.
அண்ணே, எப்படிச் செஞ்சீங்களோ
அப்படியே எழுதிக் கொடுங்க.

கையைத் துண்டில் துடைத்து,
நாக்கைக் கடித்துக்கொண்டு,
நிறுத்தி நிறுத்தி எழுதினான்:

வாழைக்காய் நூற்றிருபது.
மிளகு அரைக் கிலோ.
நெய் ரெண்டு.
விறகுக்காரருக்கு பாக்கி நானூறு.