சான்று இணைக்கவும்

நாளை மறுநாள் குழு வருகிறது.
சுற்றுச்சுவர்ச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால்
முதல் பீரியடில் பாதி வகுப்பு இல்லை;
படிவத்தில் அதற்குப் பெயர்
வருகை, அறுபத்தொரு சதவீதம்.

எக்செல் தாளில் ஒரு கட்டம் கேட்கிறது:
படித்து வெளியேறியவர் எத்தனை பேர், எங்கே?
எண்ணாக எழுதுக. சான்று இணைக்கவும்.

டில்லிராணிக்குப் போன் போட்டேன்.
"காசிமேட்டுல ஐஸ் கணக்கு எழுதினுக்கீறேன் மேடம்.
வேலதான், ஆனா ஆர்டர் கிடையாது.
ஓனரா கையெழுத்துப் போடுவாரு?"
சிரித்தாள். பின்னால் ஐஸ்கட்டி உடைபடும் சத்தம்.

மூன்று அரியர் வைத்திருந்த பெலிக்ஸ்
மணலியில் ஒப்பந்தக் கூலி.
ஒவ்வொரு நவம்பரும் வந்து பணம் கட்டி
எழுதிவிட்டுப் போவான்.
ஆறாவது முறை தேறினான்.
அவனுக்குக் கட்டம் இல்லை.

ஆசிரியர் விவரம்: நிரந்தரம் நான்கு.
கௌரவ விரிவுரையாளர் பதினொன்று.
அந்தப் பதினொன்றில் ஒன்று
இதை அடிக்கிற விரல்.
ஏப்ரல் சம்பளம் வரவில்லை.
யாரை நாங்கள் கேட்பது என்று
படிவத்தில் ஒரு கேள்வி இல்லை.

முதல்வர் எட்டிப் பார்த்தார்:
"டாய்லெட் போட்டோ ஏத்திட்டியாம்மா?
தண்ணி வர்றப்ப எடுத்ததுதானே?"
ஆமாம் சார்,
காலை ஆறுக்கு, மெட்ரோ வாட்டர் லாரி வந்தபோது.

இரவு ஒன்பதரை. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
டில்லிராணி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள்:
கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம்,
பெட்டி, எடை, பாக்கி, பெயர்கள்,
அடியில் கூட்டல், பிசகாமல்.
ஓரத்தில் ஒரு மீன் செதில்.

சான்று என்று இணைத்தேன்.
கோப்பு வகை ஏற்கப்படவில்லை என்றது.
மறுபடி இணைக்கிறேன்.