விளக்கறைக் கணக்கு

விளக்கு கொடுப்பது என் வேலை.
விளக்கம் கொடுப்பவர்கள்
மூன்றாம் மாடியில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால்.

சைலீசியாவில் டிசம்பர், காலை ஐந்தரை.
விடிய மனமில்லாத கறுப்பு சன்னலில்.
வருகிறவர்கள் "கடவுள் துணை" என்கிறார்கள்,
இங்கே வணக்கமே அதுதான்.
பித்தளை வில்லையை வைப்பார்கள்.
பதிலுக்கு ஒரு விளக்கு, இடுப்புக்கு ஒரு மூச்சுப்பெட்டி.
ஐம்பது நிமிடத்துக்கான மூச்சு.
கரிமுகத்திலிருந்து கூண்டுக்கு நடக்க
ஒரு மணி பத்து நிமிடம்.
இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிய தாளை
இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

வில்லையில் பொறித்திருப்பது ஒரு பிரபுவின் முதலெழுத்துகள்.
தன் மகள் பெயரில் அவர் தோண்டிய சுரங்கம் இது.
பிறகு படை வந்தது, பெயர் போய் எண் வந்தது.
பிறகு மக்களரசு, யாரோ ஒரு வீரரின் பெயர்.
பிறகு பங்குகள்.
இப்போது கடலோர நகரமொன்றில் தலைமையகம்;
அங்கிருந்து யாரும் இதுவரை
கையில் கரி பட வந்ததில்லை.
பெயர்ப்பலகை ஐந்து முறை மாறியது.
வில்லை மாறவில்லை.
புதிதாக அடிக்க ஒன்றுக்குப் பதினோரு ஸ்வோட்டி ஆகுமாம்.
அறுநூற்றுப் பதினான்கை நான்கு பேர் சுமந்திருக்கிறார்கள்.
மூன்றாமவர் திரும்பவில்லை.
எண் திரும்பியது.

எண்ணூற்று நாற்பது மீட்டர். காது அடைக்கும்.
கீழே உருளை கரியைக் கடித்துக்கொண்டே போகும்,
இரும்புத் தாங்கிகள் ஓரடி ஓரடியாய் முன்னே நகரும்,
விட்டுவந்த கூரை பின்னால் இடிந்து விழும்.
விழத்தான் வேண்டும்.
விழாத நாளில்தான் பேச்சு குறையும்.

மீத்தேன் இரண்டு விழுக்காட்டைத் தொட்டால் மின்சாரம் நிற்கும்.
மின்சாரம் நின்றால் டன் நிற்கும்,
டன் நின்றால் போனஸ்.
அதனால் உணரியின் தலையில்
ரொட்டி கொண்டுவந்த பிளாஸ்டிக் பை.
மாட்டியது யார்?
எல்லோரும்தான்.
மேலே திரையில் வாயு
சமர்த்துப் பிள்ளையாய் உட்கார்ந்திருக்கும்.

வாசலில் ஒரு பலகை: விபத்தில்லா நாட்கள்.
ஏணி எங்கள் அறையில் இருப்பதால்
தகர எண்களை மாற்றுவதும் நான்.
நேற்று முந்நூற்றுப் பதினொன்று.

எமில் ஷிமுராவின் இரண்டு விரல்களைச்
சங்கிலிப் பட்டை எடுத்துக்கொண்டது அக்டோபரில்.
'வீட்டில் விறகு வெட்டும்போது' என்றது தாள்.
அவன் இருப்பது ஒன்பதாம் மாடி,
குழாயில் வெந்நீர்ச் சூடு வரும் வீடு.
விடுப்பு எடுத்தால் விபத்தாகிவிடும் என்று
தினமும் வந்து குளியல் கூடத்தில் உட்கார்ந்திருந்தான்,
முழுச் சம்பளத்தில்,
உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும்
மற்றவர்களின் சட்டைகளுக்குக் கீழே.
மறுநாளும் நான் பலகையில் ஒன்று கூட்டினேன்.

இன்று சுரங்கத்தை வாங்க ஆள் வருகிறது.
கீறல் விழாத வெள்ளைத் தலைக்கவசங்கள் நான்கு
துடைத்து வைக்கச் சொல்லி வந்தன.
முதலில் பலகையைப் படம் எடுப்பார்களாம்.

எமில் இன்றுதான் மீண்டும் கீழே போகிறான்.
வில்லையை நீட்டினான்.
பிடிக்க விரல் போதாமல் அது விழுந்து
அலமாரிக்கடியில் உருண்டது.
"விடுங்கள் அப்போலோனியா, நான் எடுக்கிறேன்" என்று குனிந்தான்.
குனிந்த முதுகைப் பார்த்தேன், ஏணியை எடுத்தேன்.

அவன் கணக்கைப் போடத்தான் ஏறினேன், அறுபத்திரண்டு.
மூன்றாம் படியில் பெர்னார்டின் விலா நினைவுக்கு வந்தது.
அது பத்தொன்பது.
ஐந்தாம் படியில் நேற்றிரவுக் கணுக்கால்,
'பேருந்து நிறுத்தத்தில் சறுக்கியது'.

பெட்டியின் அடியில் இருந்தது
தனியாக நிற்கத் தெரிந்த ஒரு பூஜ்ஜியம்,
ஒட்டுத்தாள்கூடப் பிரிக்காதது.
நகத்தால் பிரித்தேன்.

ஏழே காலுக்குத் தொலைபேசி.
மூன்றாம் மாடி. உடனே மேலே வரவேண்டுமாம்,
விளக்கம் வேண்டுமாம்.

கொக்கிகளைப் பார்த்தேன்.
கீழே இருநூற்றுப் பதினேழு பேர்.
அவர்கள் வரட்டும், வருகிறேன் என்றேன்.