அரைப் பேர்

பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்.
பதினேழு என்றால் அரைப் பேர்.
செக்ரோலில் அம்மாவை
'ஒண்டி' என்றே எழுதியிருந்தார்கள்.
ஒண்டிவீராயி என்று முழுதாய் எழுதக்
கட்டத்தில் இடமில்லையாம்.
கொழுந்து குறைந்த நாட்களில்
பாதிப் பேருக்குப் பாதிப் பேர்.

தீபாவளி அட்வான்ஸில்
லயமே சேலை எடுக்க,
அம்மா அட்டன் சந்தைக்குப் பின்னால்
பழைய இரும்புக் கடையில்
ஒரு கொக்கித் தராசு வாங்கி வந்தாள்.
அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள்
தேயிலைத் தூர் மறைவில்
கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.
பத்தொன்பது.
மடுவத்தில் நிறுத்தார்கள்.
பதினேழு.
"ஈரத்துக்கு ஒண்ணு, சாக்குக்கு ஒண்ணு"
என்றார் கணக்கப்பிள்ளை, தலை தூக்காமல்.
தேத்தண்ணிப் போத்தலோடு நான் பக்கத்தில் நின்றேன்.
ஒன்பது வயது. சண்டை என்றால் பிடிக்கும்.
அம்மா சண்டை போடவில்லை.
காம்பராவுக்கு வந்து படங்கை அவிழ்த்தாள்,
கூரைக் கம்பில் தராசைத் தொங்கவிட்டாள்,
வெறும் முள்ளையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பளத்துக்கு மறுநாள்
நானுஓயா லொறியிலிருந்து நாலு மூட்டை இறங்கின.
ஒன்று கரட், ஒன்று லீக்ஸ், இரண்டு கோவா.
கரட் ஒரே அந்தியில் முடிந்தது.
கோவாவை யாரும் சீண்டவில்லை.
பதினோரு நாள்
காலையில் கோவா, ராவில் கோவா,
ரொட்டிக்குள் கோவா,
ஆறாம் காம்பரா ஆட்டுக்கும் கோவா.
"முதலாளியம்மா!" என்று
அப்பா கூப்பிட, லயம் சிரித்தது.
அம்மாவும் சிரித்தாள்.
பிறகு என் கொப்பியின் கடைசித் தாளில்
கோவா என்று எழுதச் சொல்லி
அதன் மேல் ஒரு கோடு போடச் சொன்னாள்.
அடுத்த மாதம் ஆறு மூட்டை.

தராசு பிழை என்று
அப்பாதான் கண்டுபிடித்தார்.
முதல் நூறு கிராமுக்கு
முள் அசையவே அசையாது.
"நிறுக்க நிறுக்க நம்ம காசு போகுதேடி!"
"தெரியும்" என்றாள், அடுப்பை ஊதியபடி.
"போற நூறு கிராமு
நாளைக்கு ஆளக் கூட்டிக்கிட்டு வரும்."
எனக்குச் சொன்னதில்லை அது.
நான் மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்,
அப்படியானால் அன்றைய சாக்கு
பத்தொன்பதும் நூறும்.

இப்போது எனக்கு முப்பத்திரண்டு.
நான் விற்பது,
சிரிக்காதீர்கள்,
கோவா.
சீவி, உலர்த்தி, நூறு கிராம் பக்கெட்டில்.
முதல் உலர்த்தி ஒரு பிஸ்கட் தகரம், நாலு பல்பு,
பொகவந்தலாவை மழை.
மூன்று தடவை பூஞ்சணம் பிடித்தது.
மூன்று தடவையும் கோடு போட்டேன்.

வங்கியில் வீட்டு உறுதி கேட்டார்கள்.
லயத்துக்கு ஏது உறுதி?
விலாசம் கேட்டார்கள்.
கீழ்ப் பிரிவு, ஐந்தாம் லயம்.
அதே விலாசத்தில் இன்னும் பதினொரு குடும்பம்
இருக்கிறதே என்றார் அந்த ஐயா,
ஏதோ நாங்கள் செய்த களவு போல.
கடைசியில் சீட்டுதான் கைகொடுத்தது.
முதல் மாதச் சீட்டை எனக்கு விட்டுத் தந்தவள்
அந்த ஆட்டுக்காரி.

பதிவுப் படிவத்தில்
வியாபாரத்தின் பெயருக்குக் கட்டம் கட்டமாய் இடம்.
எண்ணிப் பார்த்தேன். போதும், மிச்சமும் இருந்தது.
எழுதிக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன்.
எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
"எம்பேரப் போட்டியன்னா
சொந்தக்காரனெல்லாம் கடனுக்குக் கேப்பான்."
"அப்ப மாத்தவா?"
பேசாமல் எழுந்து போய்
துருப்பிடித்த தராசை எடுத்து வந்தாள்.
பத்துப் பக்கெட் கொண்ட ஒரு கட்டை
கொக்கியில் மாட்டினாள்.
முள் ஒரு கிலோவுக்கு
ஒரு கோடு குறைவாய் நின்றது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.