ஏழில் மங்குவது

ஆய்வகத்து யூரியா தீர்ந்த வாரம்
நாகமலைப் புதுக்கோட்டை உரக்கடைக்குப் போனேன்.
பன்னிரண்டு கிராம் என்றதும்
கடைக்காரர் நிமிர்ந்தார்: 'எத்தன குழிம்மா நெலம்?'
கிலோவுக்குக் குறைந்து கொடுக்கவில்லை.

ஒரு மூசை அளவு நிலம் எனக்கு.
யட்ரியம், நகக்கண் அளவு யூரோப்பியம்,
ஐநூறு டிகிரி உலை.
கொதித்து, நுரைத்து, குப்பென்று பற்றி
ஒரு மூச்சுக்குள் அடங்குகிறது.
விளிம்பை மீறி உப்பி நிற்கிறது வெள்ளைப் பஞ்சு.
'தும்மிராதடி' என்கிறாள் ஷர்மிளா பேகம்,
'ஆறு மாச உதவித்தொகை அது.'

பார்க்க இருட்டு வேண்டும்.
சன்னலுக்குச் செய்தித்தாள், அதன்மேல் அவள் துப்பட்டா,
அப்படியும் ஆணித்துளையில் குத்துகிறது
அக்கினி நட்சத்திரம்.
அது மலைக்குப் பின்னால் இறங்கியதும்
கரண்ட்டும் போனது. பக்கத்து ஆய்வகம் சபிக்க
நாங்கள் மட்டும் கைதட்டினோம்.

விளக்குத்தூணில் வாங்கிய கள்ளநோட்டு விளக்கைக் காட்டினால்,
அறுநூற்றுப் பன்னிரண்டு நானோமீட்டர்
என்று பிறகு எழுதுவேன்,
வாயில் வந்தது 'ஆத்தாடி'.

ஒன்று, மூன்று, ஐந்து சதவீதம் வரை ஏறிய சிவப்பு
ஏழில் மங்கியது.
நெருங்கி உட்கார்ந்த அயனிகள்
வாங்கியதை அடுத்ததன் கையில் திணிக்க,
அது அடுத்ததற்கு,
கடைசியில் படிகத்தின் ஏதோவொரு பொத்தலில்
வெறும் சூடாய் ஒழிகிறது.

அடையாள அட்டையில் என்னை
முத்து என்று நறுக்கிவிட்டார்கள்.
கட்டுரையில் முழுசாகப் போடுகிறேன்: முத்திருளாயி.
இருளாயி இல்லாமல்
எதைப் பார்த்திருப்பார்களாம்.

ஏழு சதவீதக் குப்பியைக் கொட்டவில்லை.
'மங்கல்' என்று எழுதி ஒட்டினேன்.
மிச்ச யூரியா
விடுதி முருங்கைக்குப் போனது.