வெற்றுக் குழாய்

கட்டுநாயக்காவில் பதினொரு நாள் தடுத்து வைத்திருந்தார்கள்.
படிவத்தில் 'மனித' என்று ஒரு சொல்.
உடல் பாகமா என்று கேட்டார் சுங்க அதிகாரி.
இல்லை சேர், புரதம்.
யாருடையது?
அதற்கு நான் என்ன சொல்ல.
எவருடைய எழுத்தையோ பார்த்து
ஒரு பக்டீரியா எழுதிய பிரதி.
குடலில் கிடக்கிற சாதாரணக் கிருமி,
குடுவைக் குழம்பில் இராமுழுக்கக் கலங்கி
தனக்கு உதவாத ஒன்றைச் செய்து முடித்துச்
செத்தது.
இதையெல்லாம் சொன்னால் பதினெட்டு நாளாகும்.
மருந்து மாதிரி, என்றேன்.
விட்டுவிட்டார்.

பேராதனைக்கு வந்தபோது ஐஸ் பொதிகள் வெறும் தண்ணீர்ப் பைகள்.
நல்லவேளை, உலர்த்தி அனுப்பியிருந்தார்கள்.
சுண்டுவிரல் நுனியளவு குப்பி.
"காலி" என்றாள் துசாரி, முகம் வெளுத்து.
ஜன்னலில் தூக்கிப் பிடித்தோம்.
அடியில்
மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரு மங்கல்.
ஐம்பது மைக்ரோகிராம்.
விலையை வீட்டில் நான் சொல்லவில்லை.

ஒட்டியிருந்த தாளில் பொடி எழுத்து:
ஆய்வுகூடத்துக்கு மட்டும். மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.
மனிதருடையது, மனிதருக்கு அல்ல.
எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளில்
இதை ஏன் அச்சடிக்காமல் விட்டார்கள்
என்று நினைத்துக்கொண்டேன்.

கல்மொடுலின். நாலு கை அதற்கு.
நான் சொல்லவில்லை, பாடநூலே கை என்றுதான் சொல்கிறது:
பெருவிரலும் சுட்டுவிரலும் நீட்டி
இடையில் ஒரு கல்சியத்தை ஏந்துகிற வடிவம்.
ஏந்தியதும் உடம்பு விரிந்து
உள்ளே மறைத்த எண்ணெய்ப் பக்கத்தைக் காட்டும்.
அதில் சாயம் ஒட்டும், ஒளிரும்.
அவ்வளவுதான் பரிசோதனை.

வியாழன் மாலை. மழை. இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது.
எட்டுக் குழாய், படிப்படியாகக் கல்சியம்.
முதலாவதில் மட்டும் ஒன்றும் இல்லை.
அது இருட்டாக இருக்க வேண்டும்.
இருட்டாக இல்லாவிட்டால்
மற்ற ஏழின் ஒளிக்கும் அர்த்தமில்லை.

முதலாவது ஒளிர்ந்தது,
எட்டாவதைப் போலவே.

திரும்பச் செய்தோம். ஒளிர்ந்தது.
கண்ணாடியை அமிலத்தில் கழுவித் திரும்பவும்.
துசாரி தராசைச் சந்தேகித்தாள்,
நான் என் கையெழுத்தை.
புரதம் பழுது, கம்பனிக்கு எழுதுங்கள் என்றார் பேராசிரியர்
தொலைபேசியில், எங்கோ ஒரு கல்யாண வீட்டிலிருந்து.
பாதிக் கடிதம் எழுதினேன்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.
தண்ணீர் வடிக்கும் இயந்திரத்தின் பின்னால்
ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு;
வடித்த தண்ணீர்க் கானுக்குள்
பைப் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
எத்தனை நாளாகவோ.

பைப்பில் வருவது மகாவலி.
மகாவலியில் வருவது கொத்மலை ஓயா.
அதற்கும் மேலே, வட்டகொடையில்
புளித்துப்போன மண்ணுக்கு டொலமைட் வீசுகிறாள் என் அண்ணி சௌந்தரி,
வாயில் துண்டு கட்டி,
முழங்கைவரை வெள்ளையாய்.
திகனையில் உடைத்து லொறியில் மேலே ஏற்றிய கல்லை
மழை திரும்பக் கீழே இறக்கிக்கொண்டு வருகிறது.
அதில் ஒரு துளி இந்தக் குழாயில் இருந்ததா,
நிரூபிக்க முடியாது.
வேறெங்கிருந்தும் வந்திருக்கலாம், ஆற்றில் இல்லாத கல்லா.
ஆனால் நாலு கையும் நிறைந்திருந்தன,
நான் எதுவும் கொடுக்காமலே.

கடிதத்தை அழித்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்: வெற்று மாதிரி, ஒளிர்ந்தது. காரணம், தண்ணீர்.
பத்தொன்பது மைக்ரோகிராம் போய்விட்டது.
நாளை பிளாஸ்டிக் குவளை, கொழும்பிலிருந்து போத்தல் தண்ணீர்.
பைப் தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது என்று
மும்மொழியிலும் எழுதி ஒட்டினாள் துசாரி.
தமிழில் இரண்டு பிழை. திருத்தவில்லை.

அவள் கடைசி பஸ்ஸுக்கு ஓடிய பிறகு
ஏழு குழாய்களையும் கொட்டிக் கழுவினேன்.
முதலாவதை
மானிக்குள் இன்னொரு தடவை வைத்து மூடினேன்.

அதே எண்.