எட்டு

அவருக்கு ஏழு, எனக்கு எட்டு:
களவு.
அவருக்கு எட்டு, எனக்கு ஒன்பது:
பொய்ச்சாட்சி.
மலை ஒன்றுதான், பலகை இரண்டுதான்.
எண்ணிய விரல்களில் எதுவோ பிசகி
செக்காலைக் கோயிலில் ஒரு கணக்கு,
எங்கள் சபையில் ஒரு கணக்கு.
இரு வீட்டாரும் முகம் திருப்பிக்கொண்ட
கல்யாண நாளில்கூட
இதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டோம்.

சந்தியாகு வயர்மேன்.
கானாடுகாத்தானில் ஒரு வளவு வீட்டுக்குப்
புது லைன் இழுக்கிறார்.
அறுபத்துமூன்று பழைய சுவிட்சு:
பீங்கான் அடி, பித்தளைத் தொப்பி,
நடுவில் கொண்டைக்கடலை போல் ஒரு குமிழ்.
கழற்றித் துடைத்து அதே இடத்தில் மாட்டணும்
என்பது கோலாலம்பூரிலிருந்து வந்த உத்தரவு.
அதில் நாலு
எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் வந்து உட்கார்ந்தன.

"எட்டு" என்றேன், சோறு வைத்துக்கொண்டே.
"ஏழு" என்றார், குழம்பை இழுத்துக்கொண்டே.
அப்புறம், முட்டை வேணுமா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை.
ஆராதனை முடிந்து, வெள்ளைச் சேலையோடே,
முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழைய சாமான் கடை ஏறினேன்.
வேதப்புத்தகப் பையில்
கர்ச்சீப் சுற்றிய ஒன்று.
நானூறு தந்தார்.
பிரிசில்லாவுக்குப் பள்ளிக்கூட ஷூ.
மீதி ஐம்பதை அடுத்த வாரம்
காணிக்கைப் பையில் போட்டேன்;
கை கூசவில்லை, அதுதான் இப்போது கூசுகிறது.

நாலு மூன்றானதை அவர் பார்த்தார்.
கேட்கவில்லை.
பூனை தள்ளிவிட்டதாக
ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.
தேவைப்படவில்லை.

பத்து நாள் கழித்துப் பூமிநாதன் போன் பண்ணினார்,
அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர்.
"அண்ணே, சம்பளத்துல ரெண்டாயிரம் பிடிச்சுட்டாக.
ஒங்க சாமானோட எதுவும்
கலந்து வந்திருக்கான்னு பாருங்க."
கலந்து.
திருடன் என்று சொல்ல எல்லா உரிமையும் உள்ள மனிதர்
எங்கள் மானத்துக்காகத்
தேடியெடுத்த சொல்.

இரண்டு பேரும் வண்டியில் போனோம்.
கோட்டையூர் தாண்டும்வரை பேச்சில்லை.
அவர் முதுகு
சட்டைக்குள் விறைத்துக் கிடந்தது.

பூமிநாதன் உள்ளங்கையில் வைத்து எண்ணினார்.
"மூணு இருக்கு. நாலாவது?"
இவர் நிமிர்ந்து பார்த்தார்,
என்னை இல்லை, எதிர்ச்சுவரை.
"ஒடைஞ்சு போச்சுப்பா. என் கைதான் தவறிருச்சு.
காசு குடுத்துர்றேன்."

அப்போதுதான் எனக்கு எண் தெரிந்தது.
என் எட்டை மறைக்க
அவர் தன் எட்டை உடைக்கிறார்.
பதினோரு வருஷமாக ஒன்று சேராத கணக்கு
ஒரே எண்ணில் வந்து நிற்கிறது,
இந்த மனிதரின் உள்ளங்கை முன்னால்.

அன்பு என்று இதை நான் எடுத்துக்கொண்டிருக்கலாம்.
இன்றைக்கும் சில இரவில்
அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.
ஆனால் அன்று வெயில் நேராக விழுந்தது,
பூமிநாதனின் செருப்பில் வார் அறுந்து
ஊக்கு குத்தியிருந்தது.

"ஒடையல" என்றேன்.
"நான் வித்துட்டேன்."
சந்தியாகு வண்டிச் சாவியைக்
கீழே போட்டார்.
பூமிநாதன் எதுவும் சொல்லவில்லை.
குனிந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு
"எந்தக் கடையில?" என்றார்.

மறுநாள் சீட்டுப் பணத்தோடு போனேன்.
கடைக்காரர் என்னை அடையாளம் தெரியாதவர்போல
"அசல் செட்டிநாட்டுச் சாமான்மா" என்றார்.
ஆயிரத்து முந்நூறு.
பேரம் பேச வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

பிடித்த ரெண்டாயிரம்
இன்னும் திரும்பவில்லை.
கோலாலம்பூருக்கு நாங்கள் எழுதிய செய்தியில்
நீல டிக் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.
மாதம் ஐந்நூறாக நாங்களே தருகிறோம்.
பூமிநாதன் வாங்கும்போது எண்ணித்தான் வாங்குகிறார்.
எண்ணட்டும்.

அன்று நாலாவதை மாட்டிவிட்டு
இவர் ஏணியிலிருந்து இறங்கினார்.
கரன்ட் இன்னும் கொடுக்கவில்லை.
பூமிநாதன் இருட்டில் கைநீட்டிக்
குமிழைக் கீழே தள்ளினார்.
டக்.
மேலே தள்ளினார்.
டக்.
"சரியாத்தான் இருக்கு" என்றார்.